விறகடியில் ஒதுங்கிய ஆறுமணிக்குருவி: படம் எடுத்தது சரியா?

ஒட்டுசுட்டான் பொடியன்:
விடாத தூறல், அதோடு வாடைக்காற்று. இன்று விடியப் பார்த்தால் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கிய விறகுக்குள் ஓர் ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, வால் அடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. மற்ற நாட்களில் காட்டுக்குள் சத்தம் மட்டும்தான் கேட்கும், ஆளைக் காட்டாது. இன்றைக்குக் கையெட்டும் தூரம் வரை போனேன், பறக்கவே இல்லை. வெளிச்சம் போதாததால் பிளாஷ் போட்டு எடுத்தேன். படங்கள் கீழே. மோதகம் மாதிரி உருண்டு, எவ்வளவு வடிவாக இருக்கிறது பாருங்கள்.

பாலைமரத்தடி:
படம் வடிவுதான் தம்பி, குருவியின் நிலைமைதான் வடிவாக இல்லை. இறகைச் சிலிர்த்து இடையில் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது, அதனால்தான் அந்த உருண்டை. உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நெஞ்சு இறகு திரி திரியாக ஒட்டிக் கிடக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது. நனைந்த இறகு சூட்டைப் பிடிக்காது. ஐம்பது, அறுபது கிராம் உடம்பு, அதற்குள் நாற்பது பாகைச் சூட்டை வைத்திருக்க வேண்டும். கிட்டப் போயும் பறக்கவில்லை என்றால் பறக்கப் பலம் இல்லை என்று அர்த்தம். அந்த முகத்துக்கு நேரே பிளாஷ் அடித்திருக்கிறீர்கள்.

கட்டுக்கரைக் கமரா:
அண்ணை, கொஞ்சம் கூடிப்போச்சு. இமயமலை அடிவாரத்திலிருந்து வருகிற குருவிக்கு எங்கள் பதினெட்டு, பத்தொன்பது பாகை ஒரு குளிரா? பிளாஷ் தேவையில்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். கமராவின் ஒளியுணர்திறனை, அதுதான் ஐஎஸ்ஓவை, 3200க்கு ஏற்றி, கமராவை ஒரு விறகுக் கட்டையில் சாத்தி வைத்து எடுத்திருந்தால் இதைவிட நல்ல படம் வந்திருக்கும். ஆனால் படமே எடுக்கக்கூடாது என்பது என்ன நியாயம்?

பாலைமரத்தடி:
அந்த அடிவாரத்தில் அது இருப்பது கோடையில், குஞ்சு பொரிக்க. குளிர் தொடங்கமுன் புறப்பட்டு செப்ரெம்பர், ஒக்ரோபரில் இங்கே வந்துவிடும். ஏப்ரல், மே அளவில் திரும்பும். அந்தப் பனியை அது கண்டதே இல்லை. பனிக்குத் தப்பத்தானே இவ்வளவு தூரம் பறக்கிறது? சாப்பாடும் சருகுக்குள் கிடக்கிற புழு பூச்சிதான். காட்டுத்தரை முழுக்க வெள்ளம் நின்றால் எதைக் கிளறும்?

கண்டாவளை வயல்காரி:
பாகைக் கணக்கு சொல்கிறவர்களுக்கு ஒன்று. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரையேறியது தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துப் பக்கம், இங்கே குளிரில் செத்தது எங்கள் மாடுகள். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேல். பாகைமானியைப் பார்த்திருந்தால் இந்தக் குளிருக்கு மாடு சாகுமா என்றுதான் கேட்டிருப்பீர்கள். மழையில் தோய்ந்து, காற்றில் நின்று, வயிறும் காய்ந்தால் மாடே விழுகிறது. இது குருவி.

இன்னொன்று. விழுந்து கிடந்த மாட்டைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தவர்களை அன்றைக்கும் கண்டேன். ஒருவராவது ஒரு சாக்கை எடுத்துப் போர்த்தவில்லை.

கட்டுக்கரைக் கமரா:
அக்கா, கோபம் விளங்குகிறது. ஆனால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மாடு சாகிறது என்று கொழும்பில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது? அந்தப் படங்களால்தான். இதுவும் அப்படித்தான். படம் இல்லாவிட்டால் இந்தக் குருவி இங்கே ஒதுங்கியது ஒரு சனத்துக்கும் தெரியாது. பறவைகளைக் கண்டதைப் பதிகிற ஈபேர்ட் இணையத்தளத்தில் திகதியோடு ஏற்றினால் ஒரு பதிவாவது மிஞ்சும்.

கண்டாவளை வயல்காரி:
மாட்டை எடுத்த படத்தால் நட்டஈடு கேட்க ஒரு வழியாவது வந்தது. குருவிக்கு யார் நட்டஈடு கொடுக்கப்போகிறார்கள்? பதிவுக்கு ஒரு படம் காணும். பத்தாவது படம் லைக்குக்கு.

பாலைமரத்தடி:
நான் படமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலில் நின்று ஒன்று எடுங்கள், பிறகு கமராவை வைத்துவிட்டு ஒரு பெட்டியைத் தேடுங்கள். குருவி ஒவ்வொரு தடவை திடுக்கிடும்போதும் மிச்சமிருக்கிற கொழுப்புத்தான் எரிகிறது.

ஒட்டுசுட்டான் பொடியன்:
எல்லாரும் என்னில் பாயாதீர்கள். சப்பாத்துப் பெட்டியில் ஓட்டை போட்டு, பழைய சாரத்தை விரித்து வைத்தாயிற்று. அம்மா பாலில் சோறு குழைத்து வைத்தா, தொடவில்லை. சொண்டைத் திறந்து தண்ணீர் விடலாமா?

பாலைமரத்தடி:
விடவே வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள் போனால் அதோடு முடிந்தது. பாலும் சோறும் அதற்கு ஆகாது, எடுத்துவிடுங்கள். முதலில் உடம்பு காய்ந்து சூடு ஏற வேண்டும், சாப்பாடு அதற்குப் பிறகு. இருட்டாக, சத்தமில்லாமல் விடுங்கள். மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துச் சொல்லுங்கள். 1937 ஆம் ஆண்டு வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டம் இன்னும் இருக்கிறது, காட்டுக் குருவியை வீட்டில் வைத்து வளர்க்க முடியாது.

கட்டுக்கரைக் கமரா:
அதுவரை பெட்டியில்தானே இருக்கும்? தம்பி, இடத்தைச் சொல்லுங்கள். 400 மில்லிமீற்றர் லென்ஸ் இருக்கிறது, நாளை காலை வந்து தூரத்தில் நின்றே எடுத்துவிட்டுப் போய்விடுவேன்.

கண்டாவளை வயல்காரி:
பெட்டிக்குள் இருக்கிற குருவியை நானூறு மில்லிமீற்றரால் எப்படி எடுப்பீர்கள்? வெளியில் எடுத்து வைக்கச் சொல்லுவீர்கள். உங்களுக்குப் பின்னால் நாலு மோட்டார்சைக்கிள் வரும்.

ஒட்டுசுட்டான் பொடியன்:
இடம் சொல்லமாட்டேன், குறை நினைக்காதீர்கள். ஆனால் பிளாஷ் படத்தை அழி என்று தனிச்செய்தியிலும் வருகிறது, அதையும் செய்யமாட்டேன். கெற்றப்போலோடு திரிகிற எங்கள் பக்கத்துப் பொடியள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இது என்ன குருவி, எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டார்கள். நெஞ்சில் ஒட்டின இறகைக் காட்டித்தான் குளிரில் என்ன நடக்கும் என்று நானும் சொன்னேன். தூரத்தில் நின்று எடுத்திருந்தால் அது தெரிந்திருக்காது.

பாலைமரத்தடி:
பொடியளுக்குக் காட்டுங்கள், நல்லது. இங்கே பொதுவில் போட்டால் அடுத்தவன் இதைவிடக் கிட்டப் போய் எடுத்துப் போடப் பார்ப்பான். போன மாரியிலும் இதே தளத்தில் அதுதான் நடந்தது. ஒருவர் தகைவிலானைக் கையில் பிடித்துப் படம் போட்டார், பிறகு கையில் பிடித்த குருவிப் படமாகவே வந்துகொண்டிருந்தது.

கட்டுக்கரைக் கமரா:
அப்படிப் பார்த்தால் ஒரு பறவைப் படமும் போட முடியாது அண்ணை.

பாலைமரத்தடி:
சுகமாகப் பறந்து திரிகிறதை எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள்.

ஒட்டுசுட்டான் பொடியன்:
உங்கள் சண்டையைப் பிறகு பிடியுங்கள். பெட்டிக்குள் கால் பிறாண்டுகிற சத்தம் கேட்கிறது, இறகு காய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1992 க்கு எடுத்தேன், ஆள் வரப் பின்னேரம் ஆகுமாம். இந்த மழையில் புழுவுக்கு எங்கே போக?

கண்டாவளை வயல்காரி:
வைக்கல் போரின் அடியைக் கிளறிப் பார். இல்லாவிட்டால் கொட்டிலுக்குப் பின்னால் எருக்கும்பி. சின்னப் புழுவாகப் பொறுக்கிப் பெட்டி மூலையில் போட்டுவிட்டு வா, கிட்ட இருந்து தீத்தாதே. வீட்டில் பூனை இருந்தால் கதவைச் சாத்து.