தியானம் பழகினால் மீனையும் கறியையும் விட்டாக வேண்டுமா?

நெய்தல்23:
அடுத்த மாதம் பத்து நாள் விபாசனாங்கிற பௌத்தத் தியான முகாமுக்குப் போறேன். தினமும் மீன், ஞாயிறானா கறின்னு பழகின உடம்பு. அங்கே முழுக்க சைவம்னு சொல்றாங்க. பத்து நாள் தாங்குமா? புத்தர் கறியை ஒதுக்கினாரா இல்லையா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. திரும்பி வந்து மீன் சாப்பிட்டா பயிற்சி வீணாயிடுமா?

வெந்தயம்:
சைவம் தாங்கும். படுத்துவது நேரம்தான். காலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள். 6.30-க்கு டிபன், 11-க்குச் சாப்பாடு, மாலை 5-க்கு டீயும் பழமும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. முன்பே ஒரு முகாம் முடித்தவர்களுக்கு அந்தப் பழமும் கிடையாது, எலுமிச்சைத் தண்ணீர்தான்.

ராத்திரி சோறு இல்லையே என்று 11 மணிக்கே இரண்டு வேளைச் சோற்றையும் ஏற்றிக்கொள்வதுதான் முதல் மூன்று நாள் எல்லாரும் செய்யும் தப்பு. ஒரு மணிக்கு உட்கார்ந்தால் தலை தொங்கும். கால் வயிறு காலியாக இருக்கட்டும்.

இப்போதே செய்ய வேண்டியது: இரவுச் சாப்பாட்டை 7 மணிக்குக் கொண்டுவந்து வாரா வாரம் குறையுங்கள். காபியையும் மெல்லக் குறையுங்கள். சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தலை வலிக்கும், அதைத் தியானத்தின் வேலை என்று நினைத்துக்கொள்வீர்கள். பயறு, சுண்டல் பழக்கம் இல்லாத வயிறு உப்பும். இப்போதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், 8 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்து. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவரானால் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள், மறைக்காதீர்கள்.

கூழாங்கல்:
புத்தர் பற்றி இரண்டு பேச்சுக்கும் ஆதாரம் உண்டு. பாலி மொழி நூல்களைப் பின்பற்றும் பௌத்த மரபின் ஜீவக சூத்திரம் பிக்குகளுக்கு (துறவிகளுக்கு) சொல்வது இது: தனக்காகவே கொன்றது என்று கண்டாலோ, கேட்டாலோ, சந்தேகம் வந்தாலோ அந்த ஊனைத் தொடாதே, மற்றபடி பிச்சையில் விழுந்ததை உண்ணலாம். ஊனை அறவே விலக்க விதி செய்யுங்கள் என்று அவருடைய சீடர் தேவதத்தன் கேட்டபோது புத்தர் மறுத்துவிட்டார். பௌத்தத்தின் இன்னொரு பிரிவான மகாயானத்தின் லங்காவதார சூத்திரமோ ஊனே ஆகாது என்கிறது. வியட்நாம் துறவி தீக் நாட் ஹானின் சங்கம் 2007-இல் பாலையும் முட்டையையும்கூட விட்டது.

பிச்சை எடுக்கும் பிக்குவுக்குச் சொன்ன விதியைக் கடையில் போய் வாங்குகிறவர் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது என் கருத்து. குறள் 256 அந்த இடத்தில்தான் கை வைக்கிறது: தின்பதற்காக உலகம் கொல்லாது என்றால், விலைக்கு ஊன் விற்க யாரும் இருக்கமாட்டார்கள்.

அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் 'சுத்த சைவம்' என்ற சொல்லுக்குள் சாதியும் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து இலையில் மீன் தலையைப் பார்த்ததும் முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பும் கவனிக்க வேண்டியதுதான். பாலி மரபின் ஆமகந்த சூத்திரம் இதையேதான் பேசுகிறது: நாற்றம் ஊனில் இல்லை, கொலை, பொய், வஞ்சம் போன்ற செயல்களில் இருக்கிறது.

அரைப்படி:
பயிற்சி வீணாகாது. ஜான் கபாட்-ஜின் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய தியானப் பயிற்சியில் சைவ விதியே இல்லை. அதில் பேர்பெற்றது ஓர் உலர் திராட்சையை மெல்லத் தின்பது. நம் இலையில் அதையே இப்படிச் செய்யலாம்: முதல் ஐந்து கவளம் மட்டும். போன் வேறு அறையில். பிசையும்போது விரலில் சூடு, வாயில் வைத்ததும் புளிப்பா உப்பா, விழுங்கி முடியும்வரை கை இலையில் சும்மா இருக்கட்டும். இந்தக் கடைசி ஒன்றில்தான் எல்லாரும் தோற்பார்கள். வாயில் ஒன்று இருக்கும்போதே கை அடுத்ததை உருட்டிவிடும். மெல்லுவதை எண்ணாதீர்கள், மனம் கணக்கிலேயே நின்றுவிடும். (முள் நிறைந்த மத்தி தின்பவர்களுக்குப் பாதிப் பயிற்சி ஏற்கனவே முடிந்தது.)

மீனையே விடுவதாக இருந்தால் கணக்குப் பாருங்கள். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 50 கிராம் புரதம் வேண்டும். சாம்பாரில் ஒருவருக்கு விழும் 25 கிராம் துவரம்பருப்பில் கிடைப்பது ஐந்தரை கிராம்தான். 50 கிராம் கொண்டைக்கடலையில் சுமார் 10, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. பி12 காய்கறியில் கிடையாது. அரை லிட்டர் பாலோ தயிரோ அன்றாடம் சேர்ந்தால் கிட்டத்தட்டச் சரியாகும், பாலும் வேண்டாம் என்றால் மாத்திரைதான். பத்து நாளில் குறையாது, கல்லீரலில் இருப்பு இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் விட்டவர்களுக்குத்தான் பாதம் மரத்துப்போகும், நாக்கு எரியும். சாப்பிட்டதும் டீ வேண்டாம், கீரை, பயற்றின் இரும்புச்சத்தை அது தடுக்கும். ஒரு மணி நேரம் போகட்டும்.

நெய்தல்23:
நன்றி. காபியை இன்னைக்கே அரை டம்ளர் ஆக்கியாச்சு. மத்தியைப் பத்தி முகாம் முடிஞ்சு பார்க்கிறேன்.