செஞ்சிக்கோட்டையை மராட்டியர் கணக்கில் எழுதுவது சரியா?

கடற்கரைச்சாலை, புதுச்சேரி:
2025 ஜூலையில் 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று நம் செஞ்சி. பட்டியலில் வந்தது பெருமைதான். தலைப்புதான் மனசுக்கு ஒப்பவில்லை. ஆனந்தக் கோன் அடிபோட்ட கோட்டை என்று ஊரே சொல்கிறது. கல்யாண மகால், நெற்களஞ்சியம், வெங்கடரமணர் கோயில் எல்லாம் நாயக்கர் காலத்து வேலை. 1677 முதல் 1698 வரை இருந்தவர்கள் பெயரில் மொத்தத்தையும் எழுதினால் எப்படி?

மஞ்சக்குப்பம், கடலூர்:
அண்ணே, எத்தனை வருஷம் இருந்தார்கள் என்பதை விடுங்கள், என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சிவாஜி பிடித்த கையோடு புது மதில் எழுப்பி, அகழி தோண்டியதை அந்தக் காலத்து இயேசு சபைப் பாதிரியாரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அப்புறம் சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்க, மராட்டிய அரசுக்கே செஞ்சி தலைநகரானது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகை போட்டார், 1698இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. எங்கள் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் 1690இல் வாங்கியதும் இதே மராட்டியரிடம்தான். பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்து விற்பனை! கடலூரின் தலையெழுத்தையே செஞ்சியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

கடற்கரைச்சாலை:
முற்றுகையைத் தாங்கியது மலை, தம்பி. ராஜகிரி சுமார் 800 அடி. உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை பிளந்து கிடக்கிறது, அகலம் 24 அடி இருக்கும். மேலே போக அந்தப் பிளவின் மேல் போட்ட பாலம் ஒன்றுதான் வழி. பாலத்தை எடுத்துவிட்டால் எத்தனை பெரிய படை வந்தாலும் கீழே நிற்க வேண்டியதுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் மதிலால் வளைத்துக்கட்டலாம் என்று முதலில் யோசித்தவர்களுக்கு அல்லவா பெயர் போக வேண்டும்?

மஞ்சக்குப்பம்:
மலையே காப்பாற்றிவிடும் என்றால், 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் எப்படிப் பிடித்தார்?

வில்லியனூர்:
அதை வைத்து முடிவுகட்டாதீர்கள். அப்போது அங்கே இருந்தது திருவதிகையில் பிரெஞ்சுக்காரர்களிடம் தோற்று ஓடிவந்த, ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலியின் படை. ஏற்கெனவே மனம் விட்டுப்போன ஆட்கள். என் ஆதங்கம் வேறு. நம் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்து வந்தவை. ஒவ்வொன்றும் ஒரே கல், உடம்பெல்லாம் சிற்பம். அதில் சாய்ந்துகொண்டு படம் எடுக்கிறவர்களுக்கு அது செஞ்சித் தூண் என்றே தெரியாது. அங்கே ஒரு பலகை வைக்கச் சொல்லி முதலில் கேட்போம்.

கடற்கரைச்சாலை:
கட்டாயம் கேட்போம். கோட்டை வாசலிலும் கோனார், நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், முகலாயர் என்று வரிசையாக எழுதிய பலகை வேண்டும். தலைப்பை மாற்றச் சொல்லியும் ஒரு மனு போடலாம்.

மஞ்சக்குப்பம்:
இரண்டு பலகைக்கும் நான் கையெழுத்துப் போடுகிறேன். தலைப்பு மனுவுக்குப் போட மாட்டேன். அந்தப் பட்டியல் மராட்டியரின் போர்முறையைப் பற்றியது, அதில் செஞ்சிக்கு உள்ள இடம் எட்டு வருஷம் போராடிச் சம்பாதித்தது.