புதுப்பிப்பு: ரிக்வுட் மைதானம் இடிபடாமல் நின்றது எப்படி

அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் 1910இல் திறந்த ரிக்வுட் பேஸ்பால் மைதானத்தைப் பற்றி முன்பு எழுதியபோது, அதை யார் காப்பாற்றினார்கள் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன், அது என் தவறு. 1987 சீசனோடு, அங்கே ஆடிவந்த பேரன்ஸ் அணி வேறு மைதானத்துக்குப் போய்விட்டது. அப்புறம் 1992இல் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் ரிக்வுட்' அமைப்பைத் தொடங்கி, காசு திரட்டி, கூரையையும் இருக்கைகளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தார்கள். இப்போதைய வேலிக்குப் பின்னால் பழைய கான்கிரீட் மதில் இன்னும் நிற்கிறது, எனக்கு அதுதான் பொக்கிஷம். 1948இல் கறுப்பின வீரர்களின் அணியான பிளாக் பேரன்ஸுக்காக, புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் வில்லி மேய்ஸ் பந்தைத் துரத்தி ஓடிய புல்வெளியும் இந்த மைதானத்தில்தான். அவர் மறைந்த இரண்டாம் நாள், 2024 ஜூன் 20 அன்று, அங்கேயே அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் ஆட்டம் நடந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.