9 எம்பி ஜிப், பிரித்தால் 720 எம்பி: ஆன்டிவைரஸ் எதுவும் சொல்லவில்லை, இயக்கலாமா?

கேள்வி:
விண்டோஸ் 11. பிடிஎஃப் எடிட்டர் தேடி, முன்பின் தெரியாத தளத்திலிருந்து ஒரு ஜிப் இறக்கினேன். அளவு 9 எம்பி. பாஸ்வேர்டு 1234 என்று ஃபைல் பெயரிலேயே இருக்கிறது. பிரித்தால் 720 எம்பியில் ஒரே ஒரு இஎக்ஸ்இ. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஸ்கேன் செய்தேன், ஒன்றும் இல்லை என்கிறது. இன்னும் இயக்கவில்லை.

பதில் 1:
இயக்க வேண்டாம். பூட்டிய ஜிப்புக்குள் இருப்பதை ஆன்டிவைரஸால் படிக்க முடியாது. அதற்காகத்தான் பூட்டிவிட்டுச் சாவியையும் கூடவே தருகிறார்கள். அளவு இன்னும் மோசமான அறிகுறி. உண்மையான மென்பொருள் 720-லிருந்து 9-க்குச் சுருங்காது. வெறும் பூஜ்யங்களை நிரப்பி ஊதவைத்தால்தான் இப்படிச் சுருங்கும். பல ஸ்கேனர்கள் பெரிய ஃபைலை முழுதாகப் பார்ப்பதில்லை. ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்களில் ஒரேயடியாகச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளமும் 650 எம்பிக்கு மேல் ஏற்காது. ஷிஃப்ட்+டெலீட் போட்டு இரண்டையும் அழித்துவிடுங்கள். எடிட்டரை அதன் தயாரிப்பாளர் தளத்திலிருந்தே எடுங்கள்.

பதில் 2:
எதில் பிரித்தீர்கள்? ஜிப், ரார் ஃபைல்களைப் பிரிக்கும் வின்ரார் என்றால், அது தானாக அப்டேட் ஆகாது, நாம்தான் பார்க்க வேண்டும். 6.23-க்கு முந்தைய பதிப்பில் (பாதுகாப்பு ஓட்டை எண் சிவிஇ-2023-38831), சுருக்கிய ஃபைலுக்குள் தெரியும் படத்தை டபுள் கிளிக் செய்தாலே, அதே பெயருள்ள ஃபோல்டரில் ஒளித்துவைத்த ஸ்கிரிப்ட் ஓடும். 7.13-க்கு முந்தையதில் (சிவிஇ-2025-8088) ரார் ஃபைலைப் பிரித்தாலே ஸ்டார்ட்அப் ஃபோல்டருக்குள் ஃபைல் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த லாகினில் அதுவே இயங்கும். உங்களுடையது ஜிப் என்பதால் இரண்டாவது பொருந்தாது. ஆனாலும் அப்டேட் செய்துவிடுங்கள்.

கேட்டவர்:
7-ஜிப்பில் பிரித்தேன். அழித்துவிட்டேன். ஆனால் இதே ஃபைலை வீட்டில் இன்னொரு கணினியில் டபுள் கிளிக் செய்திருக்கிறார்கள். கறுப்பு விண்டோ வந்து மறைந்ததாம். பாஸ்வேர்டு மாற்றினால் போதுமா?

பதில் 1:
போதாது. முதலில் அந்தக் கணினியில் நெட்டைத் துண்டியுங்கள். இந்த வகை மால்வேர் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளோடு குக்கீகளையும் (நீங்கள் ஏற்கெனவே லாகின் ஆனவர் என்று தளத்துக்குக் காட்டும் சிறு பதிவுகள்) அள்ளிக்கொண்டு போகும். குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். அதனால் வேறொரு சுத்தமான சாதனத்தில் மின்னஞ்சலில் தொடங்குங்கள்: பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறச் செய்யுங்கள். மீட்பு எண் மாறியிருக்கிறதா, மின்னஞ்சல்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் ஃபார்வர்டு விதி ஏதும் புதிதாகச் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு வங்கி, மற்றவை.

அந்தக் கணினிக்கு ஸ்கேன் மட்டும் நம்பகமல்ல. இன்னொரு கணினியில் தயாரித்த யுஎஸ்பியிலிருந்து டிரைவை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். அழிப்பதற்கு முன் ஆவணங்கள், படங்களை மட்டும் எடுத்துவையுங்கள்; இஎக்ஸ்இ, ஸ்கிரிப்ட், ஷார்ட்கட் எதுவும் வேண்டாம்.