தை மாசக் குளிரில் ஏற்காடு ஏற: மரத்துப்போகும் விரல், ஆவி பிடிக்கும் ஹெல்மெட், எழும்பாத வண்டி

அஸ்தம்பட்டி_100சிசி:
விடிகாலை 5 மணிக்குச் சேலத்துல இருந்து கிளம்பி ஏற்காடு, ராத்திரி அங்கேயே தங்கல். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு விடற பாகம்) வண்டி. பாதி கொண்டை ஊசி தாண்டினதும் ஹெல்மெட் கண்ணாடி உள்பக்கம் ஆவி படியுது. கிளட்ச் பிடிக்க முடியாத அளவு விரல் மரத்துப்போகுது. மறுநாள் காலையில பத்து உதை உதைச்சாலும் வண்டி எழும்பறதில்ல. ஜெர்க்கின் நல்ல கனம்தான். டயர்ல காத்தும் மாத்தணுமா?

ஸ்பேனர்:
ஸ்டார்ட்டிங் மட்டும் சொல்றேன். சாவி போடாம, சோக்கை (குளிர்ல ஸ்டார்ட் ஆக பெட்ரோலைத் தூக்கலாக்கற நெம்பு) முழுசா இழுத்து ரெண்டு மூணு உதை. அப்புறம் சாவி போட்டு உதைங்க, ஆக்ஸிலரேட்டர் பக்கம் கை போகக் கூடாது. பிடிச்சதும் அரை நிமிஷத்துல சோக்கைப் பாதியாக்கி, ஒரு நிமிஷத்துல முழுசா மூடிடணும்.

இதை மறந்தாத்தான் வினை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், காத்து மெலிசு. சேலத்துக்கு டியூன் பண்ண கார்புரேட்டர் அங்க ஏற்கெனவே பெட்ரோலைக் கொஞ்சம் தூக்கலாத்தான் விடும். சோக்கும் சேர்ந்தா பிளக் கரி பிடிச்சு வண்டி இடிச்சு இடிச்சு நிக்கும். பெட்ரோல் வாசம் குப்புன்னு அடிச்சா சோக்கை மூடி, ஆக்ஸிலரேட்டரை முழுசா திருகிப் பிடிச்சு அஞ்சாறு உதை. அப்பவும் வரலைன்னா பிளக்கைக் கழட்டித் துடைங்க. ஆயில் மேல பழி போடாதீங்க, நம்ம ஊர் குளிர் 10டபிள்யூ-30 ரக எஞ்சின் ஆயிலுக்கு ஒரு குளிரே இல்ல.

கொண்டைஊசி20:
கனமா இருந்து என்னங்க, காத்து புகாம இருக்கணும். 10 டிகிரியில 40 கி.மீ. வேகத்துல போனா தோலுக்கு 6 டிகிரி மாதிரிதான். ஸ்வெட்டருக்கு மேல ரெயின்கோட் போடுங்க, கனமான ஜெர்க்கினை விட அது மேல். நெஞ்சுப் பக்கம் நாலா மடிச்ச செய்தித்தாள் வைக்கிறது பழைய வித்தை, இன்னும் வேலை செய்யுது. நெஞ்சு குளிர்ந்தா உடம்பு கைக்குப் போற ரத்தத்தைக் குறைச்சிடும், அதனால விரலைக் காப்பாத்தவும் முதல்ல நெஞ்சைத்தான் மூடணும். இறுக்கமா ரெண்டு ஜோடி கிளவுஸ் போட்டா இன்னும் மரக்கும். மெல்லிசா ஒண்ணு, அதுக்கு மேல லூசா ஒண்ணு. மரத்த கையை எஞ்சின்ல வெச்சுக் காய வைக்காதீங்க, சுடறதே தெரியாது. அக்குள்ல வைங்க.

கண்ணாடிக்கு: பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு உள்பக்கம் தடவி, காய்ஞ்சதும் மெல்லிய துணியால துடைங்க. பின்லாக் லென்ஸ் (ஆவி படியாம கண்ணாடி உள்பக்கம் மாட்டற தனித் தகடு) இருந்தா சோப்பு வேண்டாம். மூக்கை மூடற மாஸ்க் மூச்சை நேரா கண்ணாடிக்குத்தான் அனுப்பும், அதைக் கழட்டுங்க.

அடிவாரம்:
டயரைத் தொடாதீங்க. 10 டிகிரி இறங்கினா டயர் காத்தழுத்தம் ஒண்ணரை பி.எஸ்.ஐ. குறையும்னு சொல்றது சரிதான். ஆனா மேல போகப் போக வெளிக்காத்தோட அழுத்தமும் குறையறதால கேஜ்ல கிட்டத்தட்ட 2 பி.எஸ்.ஐ. கூடிக் காட்டும், கணக்கு நேராயிடும். ஓடாத டயர்ல, சேலத்திலேயே, மேனுவல் சொன்ன அளவு போதும்.

இறக்கத்தைத்தான் கவனிக்கணும். சில்வர் ஓக் நிழல் விழற வளைவுல வெயில் ஏறற வரைக்கும் ஈரமும் இலையும் கிடக்கும். செகண்ட் கியர், வளைவுக்கு முன்னாடியே பிரேக். எஞ்சினை அணைச்சு உருட்டாதீங்க.

அஸ்தம்பட்டி_100சிசி:
மூட்டம் அடைச்சா ஹைபீம் போடலாமா?

அடிவாரம்:
கூடாது. வெளிச்சம் பனியில பட்டு உங்க கண்ணுக்கே திரும்பும். லோபீம், வளைவுக்கு வளைவு ஹாரன். பஸ் வர்ற சத்தம் கேட்டா வளைவுக்குள்ள நுழையாம முன்னாடியே நின்னுடுங்க, திரும்பறப்ப ரோடு முழுசும் அதுக்கே வேணும்.