போபா ஃபெட் பொம்மையின் ஏவுகணை ஏன் பாயவில்லை?

கேள்வி: ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படப் பொம்மை வரிசையில் கென்னர் நிறுவனம் 1979-இல் அஞ்சல்வழி வழங்கிய, போபா ஃபெட் என்னும் கதாபாத்திரப் பொம்மையின் முதுகிலிருந்து ஏவுகணை பாயும் என்று விளம்பரம் கூறியிருந்தும், குழந்தைகளுக்கு வந்து சேர்ந்த பொம்மையில் அது அசையாமல் ஒட்டப்பட்டிருந்தது ஏன்?

பதில் 1: ஏவுகணையைப் பாய்ச்சும் சுருள்வில்லைத் தடுத்து நிறுத்தும் கொக்கி, முதல் மாதிரிகளில் ‘எல்’ வடிவப் பள்ளத்தில் நகர்ந்தது. அது எளிதில் விடுபட்டுவிடும் என்பதால், ‘ஜே’ வடிவப் பள்ளத்தையும் அமைத்துப் பார்த்தார்கள். அந்த மாதிரிகளும் விற்பனைக்கு வரவில்லை.

பதில் 2: கொக்கி மட்டுமே காரணமன்று. மேட்டல் நிறுவனத்தின் ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ தொலைக்காட்சித் தொடரின் விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை 1978 இறுதியில் தொண்டையில் சிக்கி, ஒரு சிறுவன் உயிரிழந்தான். அதன்பின் எந்தப் பள்ளத்தின் வடிவமும் அச்சத்தைத் தீர்த்திருக்காது; ஏவுகணையை ஒட்டியதே சரி என்று உறுதியாகக் கருதுகிறேன்.

கேட்டவர்: மிக்க நன்றி. அந்தச் சிறுவனைப் பற்றி இதுவரை அறியாதிருந்தேன்.