மூடிக் கிடக்கும் சுத்திகரிப்பு நிலையம், தேங்கிய ஓடை: மழைக்குள் என்ன செய்யலாம்?

தென்கடல் கரையான்:
ராமநாதபுரம் மாவட்டத்தில் தென்கடல் ஓரமாக எங்கள் ஊர். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை மூடிவிட்டார்கள், கேட்டில் பூட்டு. ஊர்க் கழிவுநீர் நிற்குமா? பைபாஸ் குழாய் வழியாக அப்படியே ஓடைக்கு வருகிறது. விழுகிற இடத்தில் சாம்பல் நிற நுரை, கல்லிலெல்லாம் வழுவழுவென்று நூல் நூலாகப் படிந்திருக்கிறது. முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டதால் கடலுக்கும் போகாமல் பனங்காட்டுக்குப் பின்னால் தேங்கி நிற்கிறது, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் ஜனங்கள் குடிக்க எடுக்கும் ஊற்றுக் கிணறு. ஐப்பசி மழைக்குள் என்ன செய்யலாம்?

பழைய ஆபரேட்டர்:
தம்பி, முதலில் கிணற்றைப் பாருங்கள். கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக நிற்கிறது, மேலே எது தேங்கினாலும் சீக்கிரம் அதில் இறங்கிவிடும். குடிநீர் 100 மில்லியில் ஈ.கோலி என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இரண்டையும் சோதிக்கக் கொடுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நைட்ரேட் கைக்குழந்தைக்கு ஆகாது, பால்மாவு கரைக்கிற வீடுகளில் இதை அவசியம் சொல்லுங்கள். ரிசல்ட் வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர்தான்.

அப்புறம், பூட்டைத் திறந்து மோட்டாரைப் போட்டால் மறுநாளே சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அழுக்கைத் தின்பது ஏரேஷன் தொட்டியில், அதாவது காற்று ஊதும் தொட்டியில் வளரும் பாக்டீரியா, காற்று நின்றால் அது போய்விடும். ஓடுகிற வேறு நிலையத்திலிருந்து சேறு கொண்டுவந்து ஊற்றி, கழிவுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத்தான் திரும்ப வளர்க்க வேண்டும், சில வாரம் பிடிக்கும். அதனால் அதிகாரிகளை இப்போதே நெருக்குங்கள்.

இன்னொன்று, தொட்டிக்குள் ஒரு ஆளையும் இறக்க விடாதீர்கள். சேற்றைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், அளவு கூடினால் அழுகிய முட்டை நாற்றமே மூக்குக்குத் தெரியாது, தூக்கப் போனவரும் சேர்ந்து சாவது இப்படித்தான். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம்.

பாசிக்காரர் மகள்:
அண்ணே, மழைக்கு முன்னால் என்று நீங்கள் கேட்டதுதான் சரி. கோடை முழுக்கத் தேங்கினது எல்லாம் மணல்திட்டு உடைகிற அன்றைக்கு ஒரே மூச்சில் கடலில் இறங்கும். எங்கள் அம்மா கடலில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கிறவர், மூழ்கி மூழ்கி எடுக்கும்போது கண், மூக்கு, வாய் எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். மன்னார் வளைகுடாத் தீவுகளை 1986-லேயே தேசியப் பூங்காவாக்கி, எங்களைத் தீவுப் பக்கம் வராதே என்கிறார்கள். கரையிலிருந்து போகும் சாக்கடையை மட்டும் யாரும் தடுப்பதில்லை, அதுதான் வயிறு எரிகிறது. 2019-ல் பூங்கோரை வந்து கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியதே, அதுவும் இதனால்தானா?

பழைய ஆபரேட்டர்:
அதற்கு உங்கள் ஓடையைக் காரணம் சொல்ல முடியாதும்மா. பூங்கோரை என்பது நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர், பெருகி மடியும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துவிடும், அது கூடுவதற்குக் காற்றும் நீரோட்டமும் சேர வேண்டும். சாக்கடையில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் கரையோரப் பாசிக்கு உரம் என்பது உண்மை, கடற்புல் மேல் அது படிந்தால் வெயில் இறங்காது. ஆனாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு கொடுக்கும்போது அதில் பூங்கோரையை எழுதாதீர்கள், அந்த ஒரு இடத்தில் மடக்கி மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள்.

குழாய்க்கு மேலே, குழாய்க்குக் கீழே, தேங்கல், கிணறு, இந்த நான்கு இடத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதிரி எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். பிஓடி (அழுக்கைச் சிதைக்கக் கிருமிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு) பார்க்கும் பாட்டிலை ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும், எடுக்கும்போது கூடவே நில்லுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மூடிய உத்தரவும், நிலையம் ஓடிய காலத்துச் சோதனை அறிக்கைகளும் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

தென்கடல் கரையான்:
ரொம்ப நன்றி அண்ணே. கிணற்றடியில் இன்றைக்குச் சாயந்திரமே சொல்லிவிடுகிறேன். ராத்திரியில் செப்டிக் டேங்க் லாரியும் அந்த ஓடையில்தான் கொட்டுகிறது, அதையும் மனுவில் சேர்க்கலாமா?

பழைய ஆபரேட்டர்:
தனி மனுவாகக் கொடுங்கள். வண்டி நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ, தேதி, நேரம் வேண்டும். டிரைவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், கொட்டச் சரியான இடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.